மாற்றுத்திறனாளிகளின் படிப்பும் வேலையும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைக்கு ஐந்து வயது, நடக்கமாட்டாள். பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் “எங்களிட்டை வசதி இல்லை, கைதடியிலை கொண்டுபோய்ச் சேருங்கோ” என்கிறார்கள். என்ன செய்வது?

கைதடி நவீல்ட் பாடசாலை செவிப்புலனும் விழிப்புலனும் இழந்த பிள்ளைகளுக்கானது. காது கேட்கும், கண் தெரியும், கால்தான் ஏலாது என்ற பிள்ளையை அங்கே அனுப்பச் சொல்வதில் அர்த்தமே இல்லை. அறிவுசார் வளர்ச்சியில் பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கோண்டாவில் சிவபூமி பாடசாலை இருக்கிறது. அதுவும் உங்கள் பிள்ளைக்குரிய இடம் அல்ல. அவளுக்கு வேண்டியது சாதாரண வகுப்பு, நிலமட்டத்தில் ஒரு வகுப்பறை, கதவு திறந்து போகக்கூடிய மலசலகூடம். இவ்வளவுதான்.

சட்டம் உங்கள் பக்கம். 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்க, வலது குறைந்த ஆட்களின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23 ஆம் பிரிவு, வலுவிழப்பைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியை மறுக்கக் கூடாது என்கிறது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம்.

அதிபருடன் வாய்த்தர்க்கம் செய்ய வேண்டாம். விண்ணப்பத்தை ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதாகப் பிரதியில் கையெழுத்தும் திகதியும் வாங்குங்கள். மறுப்பதென்றால் காரணத்தை எழுத்தில் தரும்படி கேளுங்கள். எழுதித் தர யாரும் விரும்புவதில்லை. பாதிப் பிரச்சினை அந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். தீராவிட்டால் பாடசாலைக்குரிய வலயக் கல்விப் பணிமனையில் விசேட கல்விக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மாவட்டத்தில் யாழ்ப்பாணம், வலிகாமம், தென்மராட்சி, வடமராட்சி, தீவகம் என்று ஐந்து வலயங்கள். வீடு இருக்கும் வலயத்துக்கு அல்ல, பாடசாலை இருக்கும் வலயத்துக்குப் போக வேண்டும். எல்லையில் இருப்பவர்கள் இதில்தான் அலைக்கழிகிறார்கள்.

“விசேட கல்வி அலகு” உள்ள பாடசாலை நல்லதா?

பிள்ளையைப் பொறுத்தது. சாதாரண பாடசாலைக்குள் தனி வகுப்பாக இயங்குவது அந்த அலகு. அங்கே சேர்ப்பதற்கு முன் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்தெந்தப் பாடங்களுக்கு, எந்த வருடத்திலிருந்து, பிள்ளை சாதாரண வகுப்பில் போய் இருப்பான்? தெளிவான பதில் வந்தால் சேர்க்கலாம். “பிறகு பார்ப்பம்” என்றால் ஐந்து வருடம் கழித்தும் அதே அறையில்தான் இருப்பான்.

பிள்ளைக்குக் காதுக் கருவி வாங்கிக் கொடுத்தோம். வகுப்பில் கழற்றி வைத்துவிடுகிறான். ஏன்?

பெரும்பாலும் மூன்று காரணங்களில் ஒன்று. முதலாவது, காது அச்சு, அதாவது காதுக்குள் செருகும் வார்ப்புத் துண்டு, சிறுத்துவிட்டது. பிள்ளை வளர வளரக் காதும் வளரும். அச்சு தளர்ந்ததும் சத்தம் வெளியே கசிந்து கருவி கீச்சிடும். பக்கத்தில் இருக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள், இவன் கழற்றுவான். சிறு பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அச்சைப் பார்க்க வேண்டும். கருவியை மாற்றத் தேவையில்லை, அச்சை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாவது, பற்றரி. அந்தச் சிறிய வட்டப் பற்றரி காற்றுப் பட்டதும் வேலை செய்யத் தொடங்கும். மேலே ஒட்டியிருக்கும் நிறத் துண்டை உரித்துவிட்டு ஒரு நிமிடம் வைத்த பிறகு போட வேண்டும். உரித்த பிறகு பாவிக்காமல் வைத்தாலும் அது தீர்ந்துகொண்டே இருக்கும், திரும்ப ஒட்டி மிச்சம் பிடிக்க முடியாது. துண்டின் நிறம்தான் அளவு: செம்மஞ்சள் 13, நீலம் 675, மண்ணிறம் 312. கடையில் நிறத்தைச் சொல்லியே வாங்கலாம். கார்த்திகை, மார்கழி மழைக்காலத்தில் ஈரம் உள்ளே போய்க் கருவி விட்டுவிட்டு வேலை செய்யும். இரவில் பற்றரிக் கதவைத் திறந்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிப் பொதியோடு ஒரு இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

மூன்றாவது காரணம் வகுப்பறையே. தகரக் கூரையில் மழை, அரைச்சுவருக்கு அப்பால் அடுத்த வகுப்பின் சத்தம், மேலே விசிறி. கருவி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பெரிதாக்கும். பிள்ளையை ஆசிரியரிடமிருந்து ஆறு அடிக்குள், வீதிப் பக்க யன்னலுக்கு முதுகு காட்டி இருத்துங்கள். ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தபடி பேசுவதை நிறுத்தினாலே பாதி வேலை முடிந்தது.

வைத்திய சான்றிதழ் கொடுத்தோம், “இது போதாது” என்று திருப்பிவிட்டார்கள். எப்படி எடுப்பது?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும்தான் வாசிப்பீர்கள் என்றால் இதை வாசியுங்கள். பரீட்சைக்கும் சரி, பல்கலைக்கழகத்துக்கும் சரி, வேலைக்கும் சரி, பிழை வருவது இந்தக் காகிதத்தில்தான். நோயின் பெயர் மட்டும் எழுதிய சான்றிதழை வைத்துக்கொண்டு எந்த உத்தியோகத்தரும் முடிவெடுக்க மாட்டார். “பெருமூளை வாதம்” என்ற ஒரு சொல்லிலிருந்து அந்தப் பிள்ளைக்கு எழுத எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அரச வைத்தியசாலையின் விசேட வைத்திய நிபுணரிடம் எடுங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் கண், காது மூக்கு தொண்டை, எலும்பியல் என்று உரிய கிளினிக்குக்குப் போக வேண்டும். சான்றிதழில் இருக்க வேண்டியவை: நோய் நிலை, அது நிரந்தரமா, மாறக்கூடியதா, அளந்த அளவு, அதாவது கண்ணென்றால் ஒவ்வொரு கண்ணினதும் பார்வைக்கூர்மை, காதென்றால் ஒவ்வொரு காதினதும் டெசிபல் அளவும் கேட்டல் பரிசோதனை வரைபும், அவயவம் என்றால் எந்த மட்டத்தில் இழப்பு என்பது, அதனால் எந்த வேலை எப்படிப் பாதிக்கிறது, கடைசியாக, என்ன ஏற்பாடு வேண்டும். இந்தக் கடைசி இரண்டும்தான் விடுபட்டுப் போகின்றன.

கிளினிக்கில் வைத்தியருக்கு உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். ஆகவே அரைப் பக்கத்தில் நீங்களே எழுதிக்கொண்டு போங்கள். இப்படி: “வலது கையால் எழுதுவார். 20 நிமிடத்துக்கு மேல் தொடர்ந்து எழுதினால் விரல்கள் இறுகிவிடும். எழுத்துப் பரீட்சைக்கு மேலதிக நேரமும் இடையில் ஓய்வும் தேவை.” வைத்தியர் பரிசோதித்துச் சரியென்று கண்டால் அதையே தன் மொழியில் எழுதுவார்.

சான்றிதழில் உள்ள பெயர் பிறப்புச் சான்றிதழிலோ அடையாள அட்டையிலோ உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போகிறதா என்று வைத்தியசாலை வாசலைத் தாண்ட முதல் பாருங்கள். தகப்பன் பெயரின் முதலெழுத்து மாறியிருந்தாலும் கோவை திரும்பி வரும். மூலப்பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். உறுதிப்படுத்திய பிரதிகளையே கொடுங்கள்.

சாதாரண தரம், உயர்தரப் பரீட்சைகளில் என்ன சலுகை கிடைக்கும்?

பரீட்சைத் திணைக்களம் தேவையைப் பொறுத்து மேலதிக நேரம், பிரெய்ல் வினாத்தாள், பெரிய எழுத்து வினாத்தாள், சொல்லச்சொல்ல எழுதும் உதவியாளர், தனி அறை என்று ஒழுங்கு செய்யும். கேட்டால்தான் செய்யும். பாடசாலைப் பரீட்சார்த்தி அதிபர் ஊடாகவும், தனிப்பட்ட பரீட்சார்த்தி தன் விண்ணப்பத்தோடும், விண்ணப்ப காலத்திலேயே கேட்க வேண்டும். அனுமதி அட்டை வந்த பிறகு ஓடுகிறவர்களுக்கு நல்ல மனமுள்ள மேற்பார்வையாளர்கூட ஒன்றும் செய்ய முடியாது. அவர் கையில் அதிகாரம் இல்லை.

தரம் 9, 10 தவணைப் பரீட்சைகளிலிருந்தே அதே ஏற்பாட்டைப் பாடசாலையில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிவு பிறகு சான்றாகும். அதைவிட முக்கியம் பழக்கம். உதவியாளரோடு எழுதுவது தனிக்கலை. கேள்வியை இரண்டு தரம் வாசிக்கச் சொல்ல வேண்டும், பந்தி எங்கே பிரிகிறது என்று சொல்ல வேண்டும், பெயர்ச்சொற்களை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டும், எழுதியதைத் திருப்பி வாசிக்கக் கேட்க வேண்டும். இதை முதல்முதல் பரீட்சை மண்டபத்தில் பழகினால் கிடைத்த மேலதிக நேரம் முழுக்க அதிலேயே போய்விடும்.

பிரெய்லில் எழுதுகிறவருக்கு ஏன் கூடுதல் நேரம் என்று கேட்பவர்களுக்கு: தமிழ்ப் பிரெய்லில் “கொ” என்றால் க, பிறகு ஒ என்று இரண்டு கலம் (ஒரு குறிக்கான புள்ளிக் கூட்டம்தான் கலம்). “க்” என்றால் புள்ளிக்கு ஒன்று, எழுத்துக்கு ஒன்று, அதுவும் இரண்டு கலம். ஒரே வசனம் கையெழுத்தைவிட நீளமாக ஓடும். பிழை திருத்துவது அதைவிடச் சிரமம்.

விழிப்புலனற்ற மாணவர் கணினியில் தமிழ் வாசிக்க முடியுமா? திரையில் உள்ளதைக் குரலில் வாசிக்கும் செயலி (திரைவாசிப்பான்) வெறும் ஆங்கில எழுத்துகளைக் கத்துகிறதே?

கத்துவது பாமினி எழுத்துருவால். என்விடிஏ என்ற திரைவாசிப்பான் விண்டோஸ் கணினியில் இலவசம், தமிழ்க் குரலும் அதோடு வருகிறது. அன்ரொயிட் கைபேசியில் ரோக்பாக் ஏற்கெனவே உள்ளே இருக்கும், கூகிளின் தமிழ்க் குரலை இறக்கினால் போதும். ஆனால் இவை யுனிகோட் தமிழை, அதாவது கணினியும் தமிழாகவே அறியும் எழுத்தை, மட்டுமே வாசிக்கும். பாமினியில் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிவது கணினிக்கு ஆங்கில எழுத்து. “அம்மா” என்று தட்டிய இடத்தில் திரைவாசிப்பான் “எம், கே, செமிகோலன், கே, எச்” என்று படிக்கும். அந்தச் செமிகோலன்தான் நம்முடைய புள்ளி. ஒரு பக்கத்தை அப்படிக் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே பாடக்குறிப்பு, சுற்றறிக்கை, விண்ணப்பப் படிவம் தட்டச்சு செய்கிற எல்லோரிடமும் கேட்கிறோம்: பாமினி விசைப்பலகைதான் கைக்குப் பழக்கம் என்றால் அதை விட வேண்டியதில்லை. என்எச்எம் றைற்றர் போன்ற இலவசச் செயலி, பாமினி விசைகளைத் தட்டத் தட்ட யுனிகோட்டில் எழுதும். பழைய கோப்புகளை இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகளில் ஒட்டி மாற்றலாம். மாற்றிய பிறகு ஆங்கிலச் சொற்களும் ஆங்கிலச் சுருக்கங்களும் இருந்த இடங்களைப் பாருங்கள். அவையும் தமிழெழுத்தாகிச் சிதைந்திருக்கும்.

ஸ்கான் செய்த பிடிஎப் வேறு பிரச்சினை. அது படம், உள்ளே எழுத்தே இல்லை. கூகிள் டிரைவில் ஏற்றி, கூகிள் டொக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறும். அச்சு தெளிவாக இருந்தால் நன்றாக வரும். அட்டவணைகள் குழம்பிவிடும், அதற்குக் கண் தெரிந்த ஒருவர் உதவ வேண்டும். நேரசூசியைப் படம் பிடித்து வட்சப்பில் போடும் ஆசிரியர்கள் கீழே இரண்டு வரி எழுதிவிட்டால் இவ்வளவும் தேவையில்லை.

உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, ஆனால் இசட் புள்ளி போதவில்லை. பல்கலைக்கழகம் போக வழி உண்டா?

உண்டு. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு விசேட ஏற்பாடு இருக்கிறது. அடிப்படைத் தகைமையில் தளர்வு இல்லை: ஒரே தடவையில் மூன்று பாடச் சித்தி, பொது சாதாரணப் பரீட்சையில் குறைந்தது 30 புள்ளி. அதற்கு மேல் மருத்துவச் சான்றுகள் பரிசீலிக்கப்படும். பிள்ளைகள் இதைத் தவறவிடுவது புள்ளியால் அல்ல. கைநூலின் அந்தப் பக்கத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. அந்தந்த ஆண்டுக் கைநூலை வாங்கி முடிவுத் திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அரச வேலையில் 3 வீதம் என்கிறார்கள். அது சட்டமா?

சட்டம் அல்ல, சுற்றறிக்கை. 1988 இல் வந்த பொது நிர்வாகச் சுற்றறிக்கை 27/88. அரச சேவையிலும் அரச கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் 3 வீதத்தை, தேவையான தகைமையுள்ள, கடமைக்கு இடையூறில்லாத வலுவிழப்புள்ளவர்களுக்குக் கொடுக்கும்படி அது அறிவுறுத்துகிறது. தனியார் துறையை அது கட்டுப்படுத்தாது. தகைமையைத் தளர்த்தச் சொல்லவும் இல்லை.

ஏன் நடப்பதில்லை என்பதற்குக் கணக்கே போதும். 20 வெற்றிடத்தில் 3 வீதம் 0.6. முழுதாக ஒரு ஆள் வரவே 34 வெற்றிடம் வேண்டும். பத்தும் இருபதுமாக விளம்பரம் செய்தால் ஒவ்வொரு முறையும் பூச்சியம் என்று சொல்லித் தப்பிவிடலாம். அடுத்தது, “கடமைக்கு இடையூறு” என்ற சொற்றொடர். எந்தக் கடமை, என்ன இடையூறு என்று யாரும் எழுதுவதில்லை. எழுதுவினைஞருக்குப் படியேற ஏலாது என்பது கடமைக்கு இடையூறா, கட்டடத்தின் குறையா?

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்துங்கள். அந்த நிறுவனத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு ஒரு கடிதம். கட்டாயம் படிவத்தில்தான் கேட்க வேண்டும் என்றில்லை. கேள்விகளைச் சின்னதாக வையுங்கள்: கடந்த ஐந்து வருடத்தில் பதவிவாரியாக எத்தனை பேர் சேர்க்கப்பட்டனர்? அவர்களில் 27/88 சுற்றறிக்கையின் கீழ் எத்தனை பேர்? அந்த 3 வீதம் எப்படிக் கணக்கிடப்பட்டது? “ஏன் எனக்கு வேலை தரவில்லை” என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று தள்ளிவிடலாம், எண்ணிக்கை கேட்டால் தள்ள முடியாது. 14 வேலை நாளுக்குள் தருகிறார்களா இல்லையா என்ற முடிவு வர வேண்டும். வராவிட்டால் அல்லது மறுத்தால் 14 நாளுக்குள் அந்த நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட உத்தியோகத்தருக்கும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கும் மேன்முறையீடு செய்யலாம்.

விண்ணப்பத்தில் வலுவிழப்பைச் சொல்லலாமா, மறைப்பதா?

அரச வேலைக்குச் சொல்லுங்கள். 3 வீதத்தில் உங்களைப் பார்க்க வேண்டும் என்றால் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனியார் விண்ணப்பத்தில், நேர்முகப் பரீட்சைக்கு ஏற்பாடு தேவைப்பட்டால் மட்டும், அழைப்பு வந்த பிறகு சொன்னால் போதும் என்பது எங்கள் கருத்து. “நான் சக்கர நாற்காலியில் வருவேன், கீழ்த்தளத்தில் வையுங்கள்” என்று ஒரு வரி. இரக்கம் கேட்கும் தொனி வேண்டாம். இந்த வேலையை எந்தக் கருவியோடு எப்படிச் செய்வேன் என்று செய்துகாட்டத் தயாராகப் போங்கள்.

கடையில் செயற்கைக் காலோடு ஒருவரை வேலைக்கு எடுத்தோம், இரண்டு மாதத்தில் நின்றுவிட்டார். எங்கே பிழை?

நாள் முழுக்க நிற்க வைத்திருப்பீர்கள். முழங்காலுக்குக் கீழ் கால் இழந்தவரின் மிச்சக் கால், கிண்ணம் போன்ற பகுதிக்குள் இருக்கிறது. நம்மூர் வெயிலில் உள்ளே வியர்த்து, உராய்ந்து, புண் வரும். புண் வந்தால் சில நாள் காலைப் போடவே முடியாது, வேலைக்கு வராத நாள் கூடும், பிறகு வெட்கத்தில் நின்றுவிடுவார். மேசை உயரத்துக்கு ஒரு உயர்ந்த கதிரை, மதியம் கதவடைத்துக் காலைக் கழற்றித் துடைத்து உறை மாற்றப் பத்து நிமிடம். இந்த இரண்டும் கொடுத்தால் நிற்பார். மிச்சக் காலின் பருமன் காலப்போக்கில் மாறும். கால் ஆடுகிறது, குத்துகிறது என்றால் யாழ்ப்பாணம் ஜெய்ப்பூர் வலுவிழந்தோர் புனர்வாழ்வு நிலையத்தில் காட்டப் போக அரைநாள் லீவு கொடுங்கள்.

காது கேளாதவரை எடுப்பவர்களுக்கு: நீண்ட கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு “விளங்கப்படுத்தியாச்சு” என்று எண்ண வேண்டாம். சைகைமொழியில் வளர்ந்தவருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி. ஒருமுறை செய்து காட்டுங்கள், பிறகு அவர் செய்வதைப் பாருங்கள். சம்பளம், ஒப்பந்தம் பேசும்போது மட்டும் சைகைமொழி தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.

சாய்தளம் கட்டினோம், ஆனால் தனியே ஏற முடியவில்லை.

நீளம் போதாது. 2006 அணுகுவசதி ஒழுங்குவிதிகளின் சரிவு 1க்கு 12: ஒரு அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம். நம்மூர்க் கட்டடங்களுக்கு அத்திவாரம் உயரம். ஆறங்குலப் படி மூன்று என்றால் உயரம் ஒன்றரை அடி, சாய்தளம் 18 அடி. நாலடியில் கட்டியது மோட்டார் சைக்கிள் ஏற்றத்தான் உதவும். முற்றம் போதாவிட்டால் மூலையில் ஐந்தடிக்கு ஐந்தடி சமதளம் விட்டுத் திருப்பலாம்.

அகலம் நாலடி, இரு பக்கமும் சில்லு வழுக்காமல் மூன்று நாலு அங்குலக் கரை, மூன்றடி உயரத்தில் கைபிடி. சீமெந்தை மினுக்க வேண்டாம். ஈரமாக இருக்கும்போதே தும்புத்தடியால் குறுக்கே இழுத்துவிட்டால் மழையிலும் வழுக்காது. மாபிள் போட்டால் அது சறுக்குமரம்.

பிறகு வாசல். நிலைப்படி ஒன்றரை அங்குலம் எழும்பியிருந்தாலும் முன் சின்னச் சில்லு அதில் முட்டும். இரட்டைக் கதவில் ஒன்றை எப்போதும் தாழ்ப்பாள் போட்டு வைப்பது பழக்கம். திறந்த பாதி பெரும்பாலும் நாற்காலியின் அகலத்துக்குப் போதாது. தடையில்லாத 32 அங்குலம் வேண்டும். கேற்றிலிருந்து சாய்தளம் வரை குறுணிக்கல் பரப்பியிருந்தால் அத்தனை செலவும் வீண். மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும், உள்ளே நாற்காலி திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும்.

சாதாரண தரம் சித்தியில்லை. தையல், மின்னிணைப்பு நன்றாகத் தெரியும். சான்றிதழ் எடுக்கலாமா?

எடுக்கலாம். தேசிய தொழிற்தகைமை, எல்லோர் வாயிலும் என்விகியூ, ஏழு மட்டங்கள் கொண்டது. ஏற்கெனவே வேலை தெரிந்தவர் வகுப்புக்குப் போகாமலே, முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையில் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். தொழிற்பயிற்சி அதிகாரசபையிலோ, நைற்றா எனப்படும் தேசிய பயிலுநர் கைத்தொழில் பயிற்சி அதிகாரசபையிலோ விசாரியுங்கள். செய்த வேலைகளின் படங்கள், பற்றுச்சீட்டுகள், வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவற்றை ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். மதிப்பீட்டாளர் வேலையைச் செய்யச் சொல்லிப் பார்ப்பார். ஏற்பாடு ஏதும் தேவையென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான மாதாந்தக் கொடுப்பனவு, வேலைக்குப் போனால் நிற்குமா?

2025 இல் 7,500 ரூபாவிலிருந்து 10,000 ஆக்கப்பட்ட அந்தக் கொடுப்பனவு குறைந்த வருமானக் குடும்பங்களுக்கானது. ஆகவே குடும்ப வருமானம் பார்க்கப்படும். பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் சம்பளத் தொகையைச் சொல்லிக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். மறைத்து வாங்கிப் பிறகு திருப்பிக் கட்டும் நிலைக்குப் போக வேண்டாம்.

வேலை செய்யும்போது விபத்தில் கை போனது. முதலாளி நிற்கச் சொல்கிறார்.

எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள், முக்கியமாக “சுயவிருப்பில் விலகுகிறேன்” என்ற கடிதத்தில். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமாக இருந்து, நீங்கள் 12 மாதத்தில் 180 நாளுக்குக் குறையாமல் வேலை செய்திருந்தால், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் உங்களை நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். அந்தக் கடிதம்தான் அந்தச் சம்மதம். நிறுத்திவிட்டார்கள் என்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் திணைக்களத்தில் முறையிடுங்கள். விபத்துக்கான நட்டஈடு வேறு, அது வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும். முழுமையாகவும் நிரந்தரமாகவும் வேலை செய்ய முடியாது என்று வைத்தியர் சான்றளித்தால் வயது வராமலே ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். இன்னொரு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால் அந்தச் சான்றிதழை எடுக்க முதல் இருமுறை யோசியுங்கள்; உங்களால் எந்த வேலையும் ஏலாது என்று நீங்களே கோவையில் ஏற்றுகிறீர்கள்.

எங்கே முறையிடுவது?

மறுத்தது அரச நிறுவனம் என்றால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ் பிராந்திய அலுவலகம். ஒரு மாதத்துக்குள் போங்கள். அடிப்படை உரிமை வழக்கை உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் கால எல்லை ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால் அங்கே விசாரணை நடக்கும் காலம் அந்த எல்லையில் சேராது. தனியார் நிறுவனம் வேலைக்கு எடுக்க மறுத்தது என்றால் 1996 ஆம் ஆண்டுச் சட்டப்படி மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். சட்டத்தரணிக்குப் பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். வேலை விடயத்தில் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சேர்ப்பதைப் பற்றித்தான் பேசுகிறது, பதவி உயர்வு பற்றி அதில் வெளிப்படையாக ஒன்றும் இல்லை. அரச ஊழியர் பதவி உயர்வுப் பிரச்சினையை மனித உரிமைகள் ஆணைக்குழு வழியாகவே கொண்டுபோவது நல்லது.

எங்கே போனாலும் கேட்பது ஒன்றுதான்: விண்ணப்பப் பிரதி, பதிவுத் தபால் பற்றுச்சீட்டு, மறுப்புக் கடிதம். மறுப்பு வாயால் வந்தது என்றால் அன்றைக்கே நீங்கள் ஒரு கடிதம் எழுதுங்கள்: “இன்று இத்தனை மணிக்கு இன்னார் இந்தக் காரணத்தைக் கூறி என் விண்ணப்பத்தை ஏற்க மறுத்தார். இது பிழையாயின் 14 நாளுக்குள் அறியத் தரவும்.” பதிவுத் தபாலில் அனுப்பிப் பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்த 14 நாள் அவர்களுக்குக் கொடுத்த தவணை மட்டுமே. உங்கள் ஒரு மாதம் மறுத்த நாளிலிருந்தே ஓடிக்கொண்டிருக்கும்.